கடைசி நாலு நிமிடம் பார்க்காத வீடியோ

உங்கள் செல்வி டீச்சர் என் மகள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அப்பா, எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எட்டாங்கிளாஸ் பசங்க எல்லாம் வீடியோ பாத்தே புரோகிராம் எழுதுறோம்னு கிளம்பிட்டாங்க. நீங்க கத்துக்கிட்ட கதைய எழுதுங்க" என்றாள்.

"நல்லா வந்தத எழுதட்டுமா?"

"அது நாலு வரியில முடிஞ்சிடும். மத்தத எழுதுங்க."

பெற்ற மகள் இப்படிச் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா? எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். கணக்கில் முப்பத்தெட்டு மார்க். பஞ்சாலையில் சேர்ந்தேன், ஆலையை மூடினார்கள். கொஞ்ச நாள் நெல்லித்தோப்பில் மாமா வைத்திருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு சேதராப்பட்டில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. அங்கேயே இருபத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். என் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான்.

ஸ்டோர்ஸ் என்றால் கருவி அறை. ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதற்கு உள்ளே நான், வெளியே தொழிலாளர்கள். ஸ்பேனர், ரம்பம், அளக்கிற கருவிகள் எல்லாவற்றையும் காலையில் என்னிடம் வாங்கிக்கொண்டு போவார்கள், ஷிப்டு முடிந்ததும், வேலை பாக்கி என்றால் மறுநாளும், திருப்பித் தருவார்கள். யார் எதை வாங்கினார்கள் என்று தெரிவதற்கு ஒரு பழைய முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லைகள் உண்டு. கருவி வேண்டுமென்றால் ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். கருவி தொங்கிய ஆணியில் நான் அந்த வில்லையை மாட்டிவிடுவேன். கருவி திரும்பி வந்தால் வில்லையும் அவர் கைக்குத் திரும்பிப் போகும். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம். கரண்டு போனாலும் ஓடும்.

இதைத்தான் நான் ஒழித்தேன்.

கம்பெனிக்கு நல்லது செய்ய என்று சொன்னால் பொய். ஆபீஸ் ரூமில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஆணியில் வில்லை மாட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டோர்சுக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டார்கள். அதை நான் காலையில் துடைத்து, சாயங்காலம் துணி போட்டு மூடி, பூஜை ரூம் மாதிரி வைத்திருந்தேன். செல்வி அப்போது காலேஜில் இருந்தாள். "வீடியோல எல்லாம் இருக்குப்பா. நீங்களே ஒரு புரோகிராம் எழுதலாம்" என்று போனில் ஒரு தொடரை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் தொடரில் ஒரு வாத்தியார். முகம் தெரியாது, குரல் மட்டும். வடக்கத்தி ஆள், இங்கிலீசில் பேசுவார். எனக்குப் பாதிதான் புரியும். நூலகத்துக்கு ஒரு புரோகிராம் செய்வது எப்படி என்று பதினெட்டுப் பாகங்களில் சொல்லிக்கொடுத்தார். எந்த மாணவன் எந்தப் புத்தகம் எடுத்தான், திருப்பிக் கொடுத்தானா என்று பார்க்கிற புரோகிராம். இணையம் வேண்டாம், அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே ஓடும். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும், அதில் எழுதுவதற்குக் கட்டம், அமுக்குவதற்குப் பட்டன். புத்தகம் என்கிற இடத்தில் கருவி, மாணவன் என்கிற இடத்தில் தொழிலாளி. ஆக வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் "ஹலோ பிரெண்ட்ஸ்" என்பார். நான் பழக்கதோஷத்தில் "வணக்கம் சார்" என்பேன். அடுப்படியிலிருந்து என் மனைவி கோமதி, "யாரு வந்திருக்காங்க, டீ போடவா?" என்று கேட்பாள்.

அவர் ஒரு வரி அடிப்பார். நான் வீடியோவை நிறுத்தி, அந்த வரியை நோட்டில் படம் வரைவது போல எழுதுவேன். மறுநாள் கம்பெனிக்குப் போய் நோட்டைப் பார்த்து அடிப்பேன். அவர் தன் கம்ப்யூட்டரில் 'டி' என்கிற டிரைவில் எல்லாவற்றையும் வைத்தார். எங்கள் கம்ப்யூட்டரில் 'சி' மட்டும்தான் இருந்தது. புரோகிராம் ஓட மறுத்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு செல்விக்கு போன் போட்டேன்.

"நம்மகிட்ட டி இல்லம்மா. வாங்கணுமா? காந்தி வீதியில கிடைக்குமா?"

அந்தப் பக்கத்தில் அவள் சிரித்த சிரிப்பில் அவளுடைய ஹாஸ்டல் வார்டன் எட்டிப் பார்த்தாராம்.

எட்டு மாதம் ஆனது. புரோகிராம் ஓடியது. பட்டனை அமுக்கினால் பெயர் பதிவானது. கருவி திரும்பி வந்து பட்டனை அமுக்கினால், "Book returned. Thank you, student" என்று திரையில் வந்தது. அந்த ஒரு வாசகத்தை மாற்ற எவ்வளவோ முயன்றேன். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஸ்டோர்சுக்கு லைப்ரரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "லைப்ரரியன் அண்ணே, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் ஒரு காப்பி குடுங்க" என்று கேட்பார்கள். நான் கோபப்பட்டது போல் நடிப்பேன். உள்ளுக்குள் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

எங்கள் மேனேஜர் லூர்து சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். ஒரு தொழிலாளி நின்றுகொண்டு பேசினால் இவரும் எழுந்து நின்றுவிடுவார். அதனால் அவருடைய நாற்காலி புதுசு கலையாமல் இருந்தது. அவருடைய அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டுப் பழக்கமோ என்னவோ, முடிவு சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, "அலோர்..." என்று இழுப்பார். நாம் "ஆக..." என்று இழுப்போமே, அதுதான். அலோர் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

என் புரோகிராமை அவர் கால்மணி நேரம் நின்று பார்த்தார். நூலக வாசகத்தைப் படித்தும் சிரிக்கவில்லை. "அலோர், வில்லையையும் கொஞ்ச நாள் சேத்தே ஓட்டுங்க" என்றார்.

"வேணாம் சார். ரெண்டும் இருந்தா குழப்பம். இது தப்பே பண்ணாது" என்றேன் நான். அலோருக்கு மேல் நான் பேசியது அந்த ஒரு தடவைதான்; அவரும் விட்டுவிட்டார், வில்லைகள் பெட்டிக்குள் போயின.

பிள்ளைகளே, ஒரு புரோகிராமைப் பற்றி அதை எழுதினவன் இந்த வார்த்தையைச் சொன்னால், உங்கள் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வசந்தாவைப் பற்றி. பம்பு உடலின் உள்வட்டம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து அனுப்புவது அவருடைய வேலை. அதற்கான கருவிக்கு போர் கேஜ் என்று பெயர். நீளமான தண்டும், தலையில் கடிகாரம் போல ஒரு முகமும் இருக்கும். விலை அதிகம், கம்பெனியில் மொத்தமே ஆறுதான். வசந்தா ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குகிற பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

ஒரு சனிக்கிழமை. இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும். மறுநாள் ஞாயிறு என்பதால் எல்லாக் கருவியும் அலமாரிக்குள் வந்தாக வேண்டும். ஜன்னலில் நல்ல கூட்டம். வசந்தா போர் கேஜைத் துடைத்து நீட்டினார். நான் திரையில் போர் கேஜ் வாங்கினவர்களை மட்டும் வரவழைத்தேன். ஆறு பேர். வசந்தா எங்கே என்று தேடும்போது கை தவறி, பெயர்கள் இருக்கிற வரிசையின் தலைப்பில் மவுஸைச் சொடுக்கிவிட்டேன். ஆறு பெயரும் ஏபிசிடி வரிசையில் வந்து நின்றன! வீடியோவில் வாத்தியார் இப்படிச் செய்ததே இல்லை. இன்னொரு தரம் சொடுக்கினேன். வரிசை தலைகீழாகி, வசந்தா மேலே வந்துவிட்டார். எனக்கு நிலைகொள்ளவில்லை.

"பாத்தியாம்மா? ஏபிசிடி வரிசை! நான் சொல்லிக்கூடக் குடுக்கல, அதுவா பண்ணுது!"

"பஸ்சு போயிடும்ண்ணே. சீக்கிரம் போடுங்க" என்றார் வசந்தா.

மேலே இருந்த வரியைத் தேர்ந்தெடுத்து பட்டனை அமுக்கினேன். நன்றி, மாணவரே. வசந்தா போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் அலமாரியை எண்ணினேன். போர் கேஜ் ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். திரையைப் பார்த்தேன். ஐந்து பேர் கொடுத்துவிட்டார்கள், ஒருவர் கொடுக்கவில்லை. அந்த ஒருவர் வசந்தா.

நான் செய்ததை உள்ளபடியே எழுதுகிறேன். கேட்டுக்கு ஓடினேன். கம்பெனி பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. நானே ஏறி, "வசந்தாம்மா, போர் கேஜ குடுக்காம வந்துட்டியே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"இன்னாண்ணே சொல்றீங்க? உங்க கையிலதான குடுத்தேன்? ஏபிசிடி காட்டினீங்களே!"

"காட்டினேன். ஆனா கம்ப்யூட்டர்ல இல்லையே."

"கம்ப்யூட்டர்லயா குடுத்தேன்? உங்க கையில குடுத்தேன்!"

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அவரை இறக்கினார். கேட்டிலிருந்த பெஞ்சில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, வீட்டுச் சாவி, மாத்திரை அட்டை, பிள்ளைக்கு வாங்கிய ஒரு ஜதை ரிப்பன். பஸ்ஸின் ஜன்னலெல்லாம் முகங்கள். வசந்தா அழவில்லை. அந்த ரிப்பனை மட்டும் எடுத்துச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

லூர்து சார் வந்தார். என்னைத்தான் கேட்டார்: "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

என் கையில் அவர் கேஜை வைத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. தண்டின் குளிர்ச்சிகூட ஞாபகம் இருந்தது. ஆனால் எட்டு மாத உழைப்பு திரையில் வேறு சொல்கிறதே. என் கை தப்புச் செய்திருக்கலாம், புரோகிராம் செய்யாது என்று பட்டது. "சிஸ்டத்துல பாத்தேன் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அலோர்... திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் உள்ள கூப்பிடுற வரைக்கும் வசந்தா வேலைக்குப் போக வேணாம். கேட்லயே இருக்கட்டும்."

ஞாயிறு மத்தியானம் கோமதி ஆட்டுக்கறி வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. புரோகிராம் சரி என்று எனக்கே ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கருவியைத் திருப்பி வாங்குகிற பட்டனைச் சொல்லிக்கொடுத்த பதினோராம் பாகத்தைப் போட்டேன். இருபத்தாறு நிமிட வீடியோ. அதை நான் இருபத்திரண்டாவது நிமிடத்தில் விட்டிருந்தேன். அந்த இடத்தில் பட்டன் வேலை செய்துவிட்டது, அப்புறம் எதற்கு டேட்டாவைச் செலவழிப்பது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

இந்த முறை ஓடவிட்டேன். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் வாத்தியார், "சாரி பிரெண்ட்ஸ், ஐ மேட் ஒன் மிஸ்டேக்" என்றார். பிறகு மவுஸைக் கொண்டுபோய்த் தலைப்பில் சொடுக்கினார். வரிசை மாறியது. முதல் வரியைத் தேர்ந்தெடுத்து பட்டனை அமுக்கினார். வேறு ஒரு மாணவனுடைய புத்தகம் திரும்பி வந்ததாகப் பதிவானது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டீச்சர் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. வகுப்பில் நீங்கள் அதே வரிசையில் நிற்கிறீர்கள். "முதல் ஆளுக்கு ஒரு மார்க்" என்றால், பதிவேட்டில் முதல் பெயருக்கு எதிரே போடலாம், தப்பில்லை. ஆனால் உங்களை உயரவாரியாக மாற்றி நிறுத்திவிட்டு, பதிவேட்டை மாற்றாமல், "முதல் ஆளுக்கு ஒரு மார்க்" என்றால்? வரிசையில் முதலில் நிற்பவர் ஒருவர், மார்க் வாங்குபவர் வேறொருவர். என் புரோகிராம் ஆளைப் பார்க்கவில்லை, எத்தனையாவது என்று மட்டும் பார்த்தது. திரையில் முதலில் வசந்தா. உள்ளே இருந்த பட்டியலில் முதலில் யார்? எல்லோருக்கும் முன்னால், வெள்ளிக்கிழமையே கேஜ் வாங்கின கதிர்வேலு. லேத் பிரிவு ஆள். சனிக்கிழமை அவர் லீவு.

"இன்னா, கறி வேகலையா?" என்றாள் கோமதி.

"நான்தான் வேகல" என்றேன்.

திங்கட்கிழமை ஆறு மணி ஷிப்டுக்குக் கதிர்வேலு வந்ததும் அவருடைய டிராயரைத் திறக்கச் சொன்னேன். அழுக்குத் துணியில் சுற்றி, ஆறாவது போர் கேஜ்.

"வெள்ளிக்கிழமை பாதி வேல நின்னுபோச்சுண்ணே. சனிக்கிழம வந்து முடிக்கலாம்னு வச்சேன், காய்ச்சல் வந்துடுச்சு" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் டிராயரை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சத்தம் போடாம கொண்டுபோய் அலமாரியில வச்சிடுங்க. கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. என் பேரும் வராது, உங்க புரோகிராமும் தப்பிச்சிடும். வசந்தாவுக்கும் வேல போவாது. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

அவர் சொன்னதை நான் பத்து நிமிடம் விரும்பினேன். கேஜைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன். 'கிடைத்துவிட்டது' என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? 'ஞாயித்துக்கிழமை பயந்துபோய், வசந்தாதான் யார்கிட்டயோ குடுத்து உள்ள வச்சிட்டா' என்று சொல்லும். வேலை இருக்கும். ஆனால் ஒன்பது வருடம் கேஜைத் துடைத்துக் கொடுத்த ஒருத்தியைப் பார்த்து, ஆயுசுக்கும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் கண்ஜாடை காட்டிக்கொள்வார்கள். எனக்கோ கெட்டிக்காரன் என்கிற பெயர் நிற்கும்.

எட்டு மணிக்கு லூர்து சாரிடம் போய், கேஜை மேசையில் வைத்து, இருபத்து மூன்றாவது நிமிடம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் நின்றதால் அவரும் நின்றுகொண்டே கேட்டார்.

"சனிக்கிழமை அவங்க உங்க கையில குடுத்தது ஞாபகம் இருந்திச்சா?"

"இருந்திச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. வெறும் கண்ணோடு என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடத்தில் நான் வாங்கின மெமோக்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் பார்வைக்கு ஈடாகாது.

"அலோர்... என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவங்க கேட்ல உக்காந்திருக்காங்க."

இருவரும் நடந்து போனோம். வசந்தா பெஞ்சில் இருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். முதலில் லூர்து சார்தான் பேசினார். "தப்பு எங்களுது. உங்க பையைத் திறக்கவிட்டது என் தப்பு" என்றார். பிறகு நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. நடுவில் ஏபிசிடி வந்தது, வாத்தியார் வந்தார், உளறலாக இருந்திருக்கும்.

வசந்தா முழுவதும் கேட்டார்.

"சார், உங்கமேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இங்க யாரு இருக்கா? செக்யூரிட்டியும் ஒரு நாயும். சனிக்கிழம என்ன பஸ்ஸுல வச்சுக் கேட்டீங்க. பஸ்ஸுல வச்சுச் சொல்லுங்க."

லூர்து சார் என்னைப் பார்த்து, செய்யுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார். அந்த வாரத்துக்குள் ஆணிகளில் வில்லைகள் ஏறிவிட்டன. அவர் முதலில் சொன்னபடி, கம்ப்யூட்டரும் வில்லையும் சேர்ந்தே ஓடின. வாத்தியாரின் அந்த நாலு நிமிடத்தையும் பார்த்து எழுதினேன். அதைச் சோதிக்கிற வேலையை லூர்து சார் வசந்தாவிடமே கொடுத்தார். எங்கெங்கோ அமுக்கி ஒரே வாரத்தில் ஏழு தப்புக் கண்டுபிடித்தார். "இதுவும் பொய் சொல்லுதுண்ணே" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அடுத்த மாதம் அவர் நிரந்தரமானார். ஆனால் இதெல்லாம் பிற்பாடு.

திங்கட்கிழமை இரண்டே காலுக்குப் பஸ் கிளம்பியதும் நான் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றேன். "எல்லாரும் கேளுங்க. சனிக்கிழம வசந்தா கேஜ என் கையில குடுத்தாங்க. குடுத்தது எனக்கே தெரியும். நான் எழுதின புரோகிராம் தப்பு. அது தப்புன்னு ஒத்துக்க மனசில்லாம அவங்கள இறக்கிவிட்டேன்" என்றேன். யாரோ ஒருவர், "லைப்ரரியன் அண்ணே, பைன் கட்டுங்க!" என்றார். சிரிப்பு. நான் உட்காரப் போனேன்.

"இருங்கண்ணே" என்றார் வசந்தா. அவர் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். "சனிக்கிழம இருந்தவங்கள்ல மூணு பேரு இன்னிக்கு இல்ல. அவங்களுக்கு யாரு சொல்றது?"

"நாளைக்கு சொல்றேம்மா."

"சரி. சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னுகிட்டே வாங்க."

சேதராப்பட்டிலிருந்து நெல்லித்தோப்புக்கு அந்த பஸ் முக்கால்மணி நேரம் எடுக்கும். செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார், சொன்னேன். புதன்கிழமை இன்னொருவர். பாக்கி ஒரே ஒரு ஆள், பெயின்ட் பிரிவு முனுசாமி. மச்சான் கல்யாணத்துக்குப் போனவர் வரவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். பஸ்ஸில் சீட்டுகள் காலியாக இருந்தன. ஒருவர்கூட என்னை உட்காரச் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேடு வருதுண்ணே, புடிச்சுக்கோங்க" என்பார்.

அடுத்த திங்கட்கிழமை முனுசாமி ஏறினார், தலையில் கல்யாணச் சந்தனம் இன்னும் போகாமல். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டு, "எந்த சனிக்கிழம? நான் தூங்கிட்டில்ல இருந்தேன்!" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. நான் வசந்தாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கண்ணே" என்றார்.